இரண்டாவது வண்டி

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது எங்கள் பயண நிறுவனத்தின் அலுவலகம். அங்கே என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒரு வரைபடம் மாட்டியிருந்தேன். நான்கு பெரிய தாள்களை ஒட்டி, பென்சிலால் வரைந்து, பிறகு மையேற்றியது. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானிய ராணுவம் சயாமிலிருந்து பர்மாவுக்குக் காட்டையும் மலையையும் வெட்டிப் போட்ட ரயில் பாதையின் ஒரு பகுதி அது. இன்றைய தாய்லாந்தில் அந்தப் பாதையின் பெரும்பகுதியில் தண்டவாளம் கிடையாது. காடு மூடிய மண்மேடும், ஆட்கள் கையால் குடைந்த பாறை வெட்டுகளும்தான் மிச்சம். போர்க் கைதிகளோடு, மலேயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழ்த் தொழிலாளிகளும் அங்கே கணக்கில்லாமல் செத்தார்கள். கோயில் சுற்றுலாவுக்கு வந்த மலேசியக்காரர் ஒருவர், தன் தகப்பனார் அந்த வேலையிலிருந்து உயிரோடு திரும்பியவர் என்று சொல்லப்போய்த்தான் எனக்கு அதில் பித்துப் பிடித்தது. கிடைத்ததையெல்லாம் படித்தேன். ஏற்ற இறக்கம், ஓடைகள், பாதை தார் ரோட்டைத் தொடும் இடங்கள் எல்லாவற்றையும் குறித்தேன். வரைபடம் முடிய இரண்டு வருஷம் ஆயிற்று.

நான் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. அலுவலகத்தில் திட்டம் போடுகிறவன் போவதில்லை. வழிகாட்டிகள் போவார்கள், நான் நாற்காலியில் இருந்தபடி அனுப்பிவைப்பேன். முதலாளி என்னை வாடிக்கையாளர்களிடம் “நம்ம பிளானிங்காரர்” என்று அறிமுகம் செய்வார். அதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கொரோனா முடிந்து மக்கள் மறுபடியும் பயணம் கிளம்பிய காலத்தில், இந்தப் பாதையில் ஐந்து நாள் நடைப் பயணம் ஒன்று போடலாம் என்று நான் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். அதை என் பயணம் என்றே நினைத்தேன். அதற்கு ஆறு மாதம் முன்பு வேலைக்குச் சேர்ந்திருந்த சிஸ்டரிடம் அதை நடத்திக்கொண்டு போகும் பொறுப்பை முதலாளி கொடுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

அவரை எல்லோரும் சிஸ்டர் என்றே கூப்பிட்டோம். பெருந்துறையில் ஒரு ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக இருந்தவர். மலை ஏறுவதில் ஆசை வந்து, விடுமுறை நாட்களில் வெள்ளியங்கிரிக்கும் வால்பாறைப் பக்கமும் குழுக்களோடு போய்ப் பழகி, பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார். எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அறுபதைத் தாண்டியவர்கள் என்பதால் முதலாளி அவரை உடனே எடுத்துக்கொண்டார். ஒல்லியான உடம்பு, முப்பத்தெட்டு வயது இருக்கும். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. யாரிடமும் “உக்காருங்க, சித்தெ தண்ணி குடிங்க” என்றுதான் பேச்சைத் தொடங்குவார்.

பயணத்துக்குப் பதினான்கு பேர் சேர்ந்தார்கள். ஓய்வுபெற்றவர்கள், இரண்டு மில் குடும்பத்தார், திருப்பூரிலிருந்து ஒரு தம்பதி, கோபியிலிருந்து எழுபத்தொரு வயதுத் தலைமையாசிரியர் ஒருவர். பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே சிஸ்டர் அவர்களை ஞாயிற்றுக்கிழமைகளில் உக்கடம் பெரியகுளத்துக் கரையில் நடக்க வைத்தார். நடந்து முடித்ததும் ஒவ்வொருவரையும் ஷூவைக் கழற்றச் சொல்லி, கீழே உட்கார்ந்து பாதத்தைத் தொட்டுப் பார்ப்பார். எங்கே கொப்புளம் வரும், யார் சாக்ஸை மாற்ற வேண்டும், யாருடைய சர்க்கரை கட்டுக்குள் இல்லை என்பதெல்லாம் அவருக்கு விரல் நுனியில் இருந்தது. ஊரில் நாலு பேர் கும்பிடுகிற பெரிய மனிதர்கள், பிள்ளைகளைப் போல் அவரிடம் காலை நீட்டிக்கொண்டிருந்ததை நான் ஓரமாக நின்று பார்த்தேன். அவர்களுக்காக நான் ஏற்ற இறக்கத்தைப் படமாகப் போட்டு ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தேன். அந்தத் தாளை விரித்து அதன்மேல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

பிறகு அறிமுகக் கூட்டம் நடந்தது. முக்கால் மணி நேரம் நான் பேசினேன். எந்த வருஷம் தொடங்கினார்கள், எத்தனை முகாம்கள், காலராவும் பட்டினியும் எப்படிப் பரவின என்றெல்லாம் திரையில் படம் காட்டிச் சொன்னேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டார்கள். முடிவில் முதலாளி சிஸ்டரையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னார். அவர் எழுந்து, “எங்க பாட்டனுக்கு அப்பா மலேயாவுக்குத் தோட்ட வேலைக்குப் போனவருங்க. அங்கிருந்து இந்த ரயில் வேலைக்குக் கூட்டிட்டுப் போனாங்களாமா. அப்பறம் கடுதாசி வரலீங்க. அவ்வளவுதானுங்க எங்களுக்குத் தெரியும்” என்றார். உட்கார்ந்துவிட்டார்.

அறையில் இருந்தவர்களின் முகம் மாறிப்போனது. திருப்பூர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் எழுந்து போய் சிஸ்டரின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என் முக்கால் மணி நேரம் எங்கோ போய்விட்டது. இரண்டு வருஷம் கண் வலிக்கப் படித்துச் சேர்த்தவன் நான். அவர் எதையும் சேர்க்கவில்லை. அது அவருடைய வீட்டிலேயே கிடந்தது. அன்று எனக்கு வந்த பொறாமையை இத்தனை நாள் கழித்துச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. சம்பளத்தையோ பதவியையோ பார்த்து வந்த பொறாமையாக இருந்தால் சொல்லிவிடலாம். நான் பொறாமைப்பட்டது காட்டில் செத்துப்போன ஒரு மனிதருக்காக. அவர் என் குடும்பத்தில் இல்லையே என்று.

அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது அப்பாவிடம், நம் ஆட்கள் யாராவது மலேயாப் பக்கம் போயிருக்கிறார்களா என்று கேட்டேன். தென்னைக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுக் கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். “நம்மாளுக எதுக்குக் கண்ணு போறாங்க? தோட்டந்தொரவு இருந்துச்சு. நம்ம தோட்டத்துல வேல செஞ்சவங்க போனாங்க. பஞ்ச காலத்துல அவங்க குடியிருந்த ஒரு வளவே காலியாப் போச்சும்பாங்க” என்றார். அப்பா அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கும் அப்போது அது சாதாரணமாகவே பட்டது. நமக்கென்று சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லை என்ற ஏமாற்றம்தான் மனதில் நின்றது. எங்களைப் போன்றவர்களின் தோட்டங்களில் பிழைக்க முடியாமல்தான் சிஸ்டரின் வீட்டு ஆள் கப்பல் ஏறியிருப்பார் என்பது, வெகுநாள் கழித்து, வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது உறைத்தது.

செலவுத் திட்டம் போடுவது என் வேலை. விமானக் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு, உள்ளூர் வழிகாட்டி, காப்பீடு, சாமான் கொண்டுபோக ஒரு வேன். இவற்றோடு சிஸ்டர் ஒன்றைச் சேர்க்கச் சொன்னார்: மூன்றாம் நாளிலிருந்து இரண்டாவது வண்டி. முதல் இரண்டு நாள் நடை ஊரை ஒட்டியது, பயமில்லை. மூன்றாம் நாளிலிருந்து காட்டுக்குள். சாமான் ஏற்றிய வேன் காலையிலேயே அடுத்த தங்குமிடத்துக்குப் போய்விடும். அதனால் பாதை ரோட்டைத் தொடும் இடங்களில் இன்னொரு வண்டி பக்கத்து ஊரிலிருந்து நேராக வந்து, தண்ணீரும் ஐஸும் வைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்றார். “அது மாசி வெயிலுங்க சார். ஒருத்தரு உழுந்தாலும் கொண்டுபோகோணுமில்லீங்க” என்றார். சரி என்று சேர்த்தேன். அவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டு, ஒரு நகலைத் தன் பையில் வைத்துக்கொண்டு, வேறொரு குழுவோடு வால்பாறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். ஆளுக்கு ஒரு லட்சத்து இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாக வந்திருந்தது. “லட்சத்துக்கு மேல போனா கேக்கறதுக்கே ஒரு மாதிரி இருக்குதுங்க. உள்ள கொண்டாந்துடுங்க” என்றார். குறைக்க வழி இருந்தது. கடைசி நாள் ஆற்றில் ஒரு படகுச் சவாரி வைத்திருந்தேன். பாதையின் வரலாற்றை நானே எழுதி, என் பெயரோடு, வண்ணத்தில் அச்சடிக்க ஒரு சிறு புத்தகமும் திட்டத்தில் இருந்தது. இரண்டையும் எடுத்தால் போதும். நான் இரண்டாவது வண்டியை எடுத்தேன்.

யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய்யும் இல்லை. என் மனதில் ஓடிய காட்சி வேறு. எல்லோரும் நல்லபடியாகத் திரும்பி வருவார்கள். முதலாளி முன்னால் நான் சாதாரணமாக, “இரண்டாவது வண்டி இல்லாமலே ஆயிடுச்சு பாருங்க” என்பேன். சிஸ்டர் தேவையில்லாமல் பயப்படுகிறவர் என்பது எல்லோருக்கும் தெரியும். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. தாளை வாங்கிப் பார்த்த முதலாளி, “சிஸ்டருகிட்ட கேட்டீங்களா?” என்றார். “பேசியாச்சுங்க” என்றேன். போன் என் சட்டைப் பையில்தான் இருந்தது. வால்பாறையில் சிக்னல் கிடைக்காது என்று நினைத்துக்கொண்டேன். அவர் திரும்பி வந்த பிறகும் சொல்லவில்லை. தாய்லாந்து ஏஜென்டுக்குப் புதிய தாளை அனுப்பினேன். சிஸ்டர் பழைய தாளோடு விமானம் ஏறினார்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். அங்கே நடுப்பகல். மேசையில் காபி ஆறிக்கொண்டிருந்தது, போன் அடித்தது. சிஸ்டரின் குரல் மூச்சு வாங்கியது.

“சார், ரெண்டாவது வண்டி எங்கீங்க நிக்குது? ரோட்டுக்கு வந்துட்டோம், காணமுங்க.”

“என்னாச்சுங்க சிஸ்டர்?” என்றேன்.

“கோபி ஐயாவுக்கு வெயில் தாங்கலீங்க. உழுந்துட்டாரு. ஒடம்பு நெருப்பாட்ட கொதிக்குது, பேச்சு கொழறுது. வண்டி எங்கீங்க?”

“அது… எடுத்தாச்சுங்க சிஸ்டர்.”

அந்தப் பக்கம் வேற்று மொழியில் யாரோ கத்துவது கேட்டது. பிறகு அவர், “செரிங்க” என்றார். இணைப்பு அறுந்தது.

அடுத்த செய்தி வர இரண்டே கால் மணி நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஏஜென்டுக்கும் சாமான் வேன் டிரைவருக்கும் மாறி மாறிப் போன் அடித்துக்கொண்டிருந்தேன். டிரைவர் தங்குமிடத்தில் சாமான் இறக்கிவிட்டுத் தூங்கப் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. கீழே பட்டுக் கடையில் யாரோ கல்யாணத்துக்கு ஜவுளி எடுத்துக்கொண்டிருந்தார்கள், அந்தச் சிரிப்பு மாடிவரை வந்தது. தலைமையாசிரியர் செத்துவிட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன். அப்படியே, யாருக்கும் தெரியாமல் பழைய தாளைக் கிழித்துவிடலாமா என்றும் நினைத்தேன். இரண்டும் ஒரே நேரத்தில்தான் வந்தன.

நடந்ததைக் குழுவோடு போன திருப்பூர்க்காரர்தான் பின்னால் விவரமாகச் சொன்னார். காட்டுக்குள் தலைமையாசிரியர் விழுந்ததும், சிஸ்டர் குடிதண்ணீர் முழுவதையும் அவர் மேல் ஊற்றச் சொல்லியிருக்கிறார். இரண்டு மூங்கில் கழியில் போர்வையைக் கட்டி, உள்ளூர் வழிகாட்டியும் சிஸ்டரும் முன்னால், இரண்டு பேர் பின்னால் என்று ரோடு வரைக்கும் தூக்கி வந்தார்கள். அங்கே வண்டி இல்லை. எனக்குப் போன் செய்துவிட்டு, சிஸ்டர் நடு ரோட்டில் போய் நின்றுவிட்டார். வந்தது மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய ஒரு பிக்கப். நிறுத்தினார். பேச்சுப் புரியவில்லை, சைகைதான். பாதிக் கிழங்கை ரோட்டோரம் தள்ளிவிட்டு, மிச்சத்தின்மேல் போர்வையை விரித்து அவரைப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரி வரைக்கும் தன் உடம்பால் வெயிலை மறைத்தபடி உட்கார்ந்து வந்தாராம். “அந்த அம்மணி இல்லீன்னா ஐயா இல்லீங்க” என்றார் திருப்பூர்க்காரர். தலைமையாசிரியர் பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து, மற்றவர்களோடு ஊர் திரும்பினார். விமான நிலையத்தில் அவர் மகன் சிஸ்டரின் காலில் விழப் போனதை நானே பார்த்தேன். அந்த நிமிஷத்திலும் எனக்குள் அது இருந்தது. நான் செய்த தவறால் அவருக்கு அந்தப் பெருமை கிடைத்துவிட்டதே என்று ஒரு எரிச்சல். இதை எழுதாமல் விட்டால் இந்தக் குறிப்பை எழுதியே பயனில்லை.

அடுத்த வாரம் முதலாளி எங்கள் இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். கோபமாக இல்லை, வருத்தமாகத்தான் கேட்டார். “ஏனுங்க சிஸ்டர், அந்த வண்டி வேண்டாம்னு நீங்களும் ஒத்துக்கிட்டதாச் சார் சொன்னாரே. உங்களுக்கே தோணலியா?”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். முகத்தில் கோபமோ கெஞ்சலோ எதுவும் இல்லை. நோயாளியின் நாடியைப் பார்க்கிறவர்களின் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. நான் மேசையைப் பார்த்தேன். “ஆமாங்க. பேசுனதுதானுங்க” என்றார் அவர். முதலாளி பெருமூச்சு விட்டு, இனிமேல் கவனமாக இருக்கச் சொன்னார். என்னிடமல்ல, அவரிடம்.

இரண்டு மாதத்தில் அவர் வேலையை விட்டுப் போனார். காரணம் கேட்டவர்களிடம், வீட்டுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது என்றார். கடைசி நாளில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டவர் என் மேசைக்கும் வந்து, “வாரேனுங்க சார்” என்றார். நானும் ஏதோ சொன்னேன். அதன்பிறகு நிறுவனத்தில் எல்லாம் என் கைக்கு வந்தது. அந்தப் பயணத்தை மறுபடி போடலாம் என்று முதலாளி ஒருமுறை கேட்டபோது, வேண்டாம் என்றேன்.

மூன்று வருஷம் கழித்து, இந்த ஆண்டு தொடக்கத்தில், ஒருநாள் காலையில் அவரிடமிருந்து போன் வந்தது. பெருந்துறையில் வீட்டிலிருந்தபடியே சிறு குழுக்களை நடைப் பயணம் கூட்டிப் போகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பயணங்களின் படங்களை என் மனைவியின் போனில் திருட்டுத்தனமாகப் பார்ப்பதும் உண்டு. என் போனில் பார்த்தால் அவருக்குத் தெரிந்துவிடும் என்று ஒரு அர்த்தமில்லாத பயம். “அதே ரயில் பாதைக்குப் பத்துப் பேரக் கூட்டிட்டுப் போறேனுங்க சார். செலவுத் தாள் போட எனக்கு வரமாட்டீங்குது. உங்களாட்ட யாரும் போட முடியாது. ஒருதரம் பாத்துக் குடுக்கறீங்களா?” என்று கேட்டார்.

காந்திபுரத்தில் பஸ் ஏறிப் போனேன். தொழிற்பேட்டையைத் தாண்டி ஒரு சின்ன வீடு. அவர் கணவர் தொழிற்பேட்டையில் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். “வாங்க சார், உங்களப் பத்தி நெறையாச் சொல்லுவாங்க” என்று சிரித்தார். சிஸ்டர் என்ன சொல்லியிருப்பார் என்று அவர் முகத்தில் தேடினேன். அவர் போனதும் சிஸ்டர் தாள்களை எடுத்து முன்னால் வைத்தார். நான் அதைத் தொடவில்லை. வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வந்ததை விட்டுவிட்டு நேராகச் சொன்னேன்.

“சிஸ்டர், அன்னைக்கு வண்டிய எடுக்கச் சொன்னது மொதலாளி இல்லீங்க. நாந்தான் எடுத்தேன். உங்ககிட்டப் பேசுனேன்னு சொன்னதும் பொய்யிங்க.”

“தெரியுமுங்க” என்றார். “போன்ல ‘எடுத்தாச்சு’ன்னு சொன்னீங்க பாருங்க, அப்பவே தெரிஞ்சுபோச்சுங்க.”

“அப்பறம் ஏனுங்க சொல்லல?”

அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். “உங்களுக்கு ரெண்டு புள்ளைக காலேஜ்ல படிச்சுட்டு இருந்தாங்க. எனக்கு நர்ஸ் வேல எங்க போனாலும் கெடைக்குமுங்க. அவ்வளவுதான்.” பிறகு அதே குரலில் சொன்னார்: “ஐயா போயிருந்தாருன்னா சொல்லியிருப்பேனுங்க. மொதலாளிகிட்ட மட்டுமில்ல, போலீஸ்லயும் சொல்லியிருப்பேன்.”

நான் தலையாட்டினேன். மன்னித்துவிட்டேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஏன் அப்படிச் செய்தேன் என்று அவர் கேட்டிருந்தால், அவருடைய பாட்டனின் அப்பாவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று சொல்லியிருப்பேனா தெரியாது. அவர் கேட்கவில்லை. தாள்களை என் பக்கம் நகர்த்தினார்.

“இத ஊட்டுக்குக் கொண்டுபோய் நிதானமாப் பாருங்க. ஒண்ணே ஒண்ணுங்க சார். எதையாச்சும் எடுக்கோணும்னு இருந்தா, எடுக்கறதுக்கு முந்தி எனக்கு ஒரு போன் பண்ணிப்போடுங்க.”

மறுநாள் வீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அவர் நினைத்த தொகைக்கு மேல் ஆளுக்கு ஆயிரத்து நானூறு ரூபாய் அதிகம் வந்தது. தங்கும் விடுதி ஒன்றை மாற்றினால் சரியாகிவிடும். நல்ல விடுதிதான், பக்கத்திலேயே இன்னொன்று மலிவாக இருந்தது. இதில் ஆபத்து ஒன்றும் இல்லை, சின்ன விஷயம், நானே மாற்றி எழுதிக் கொடுத்துவிடலாம் என்று பேனா வரைக்கும் கை போயிற்று. பிறகு போனை எடுத்தேன். முதல் தடவை யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசுகிற சத்தம். பயணத்துக்குப் பேர் கொடுத்தவர்கள் வந்திருக்கிறார்கள் போலிருந்தது. யாரோ ஒரு பெரியவர் ஏதோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்தார். “சொல்லுங்க சார்” என்றார். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் எனக்குள் பழையபடி சுருக்கென்றது. இந்த வயதுக்கு மேல் அது எங்கே போகும்? குரலைச் சரிசெய்துகொண்டு, விடுதியின் பெயரைச் சொல்லி, மாற்றலாமா என்று கேட்டேன்.